124,619 வாக்குகளும் 30 வாக்குகளும்: பெட்டாலிங் ஜெயா வாக்களிக்கும் விதம்

பெட்டாலிங் ஜெயாவில் ஒருவர் தன் முகவரியைச் சொன்னாலே அவர் பகுதியின் அரசியல் பாதி தெரிந்துவிடும். எஸ்எஸ் என்று தொடங்கினால் பழைய சுங்கைவே–சுபாங் நிலம். பிஜேயு என்றால் பெட்டாலிங் ஜெயா உத்தாரா, அதாவது வடக்கு. பிஜேஎஸ் என்றால் செலாத்தான், தெற்கு. எஸ்எஸ் 2-இலும் பண்டார் உத்தாமாவிலும் தரை வீடுகளும் கொண்டோக்களும். பிஜேஎஸ்-இல் மலிவு விலை அடுக்குமாடிகளும், புறம்போக்கில் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய தாமான் எனும் குடியிருப்புகளும். நடுவே கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை ஓடுகிறது.

தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் பெட்டாலிங் ஜெயா பற்றி ஒரே வரிதான் வரும்: பக்காத்தான் கூட்டணியின் கோட்டை. அதோடு அடுத்த தொகுதிக்குப் போய்விடுவார்கள். அந்த வரியில் பொய் இல்லை. 2022 பொதுத்தேர்தலில் டாமான்சாரா நாடாளுமன்றத் தொகுதியில் அந்தக் கூட்டணியின் ஜசெகவைச் (ஜனநாயக செயல் கட்சி) சேர்ந்த கோபிந்த் சிங் டியோ 124,619 வாக்குகள் பெரும்பான்மையில் ஜெயித்தார். ஆனால் ஒன்பது மாதம் கழித்து, 2023 ஆகஸ்ட்டில், இதே மாநகரின் தெற்கே உள்ள தாமான் மேடான் சட்டமன்றத் தொகுதியைப் பக்காத்தான் இழந்தது. வித்தியாசம் 30 வாக்கு. ஒரே மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டும் மக்களிடையே இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

தோட்டம் இருந்த இடம்

1950-களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, கோலாலம்பூரில் புறம்போக்கில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களைக் குடியேற்ற ஓர் இடம் தேவைப்பட்டது. எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் 1,200 ஏக்கரில் பெட்டாலிங் ஜெயா உருவானது. ஏழைகளுக்காகத் தொடங்கிய ஊர்தான். தொழிற்சாலைகள் வந்தன, பல்கலைக்கழகம் பக்கத்தில் அமைந்தது, அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வீடு வாங்கினார்கள். நகரம் நடுத்தர வர்க்கத்தின் முகவரியாக மாறியது. 1977-இல் நகராண்மைக் கழகம், 2006 ஜூன் 20-இல் மாநகர் தகுதி.

எஃபிங்ஹாம் என்ற பெயரை இன்று பண்டார் உத்தாமாவில் ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. சுற்றிலும் பேரங்காடி, கொண்டோ, தனி வீடுகள். பெயரில் மட்டும் பழைய தோட்டம். பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் படித்து முன்னேறியவர்கள் வடக்கில் இருக்கிறார்கள். முடியாதவர்களில் பலர் தெற்கே கம்போங் மேடான், தேசா மெந்தாரி, லிண்டுங்கான் பக்கம் ஒதுங்கினார்கள். இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால்தான் வாக்கு எண்ணிக்கை புரியும்.

2008-க்கு முன்பும் அன்றும்

பெட்டாலிங் ஜெயா எப்போதுமே எதிர்க்கட்சி ஊர் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த ஊர் மாறி மாறித்தான் வாக்களித்தது. 1990-இல் ஜசெகவின் குவா கியா சூங் பெட்டாலிங் ஜெயா நாடாளுமன்ற உறுப்பினரானார். 2004-இல் பார்த்தால் வடக்கு, தெற்கு இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளும் தேசிய முன்னணியின் மசீச (மலேசிய சீனர் சங்கம்) கையில். அந்த ஆண்டு சிலாங்கூர் சட்டமன்றத்தின் 56 இடங்களில் 54, மத்தியில் ஆண்ட அந்தத் தேசிய முன்னணிக்குப் போனது. எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்ததா என்று கேட்கும் நிலை.

நான்கே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 2008 மார்ச் 8 அன்று வடக்கில் ஜசெகவின் டோனி புவா, பதவியில் இருந்த மசீசவின் சியூ மெய் ஃபனை 19,851 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தெற்கில் மக்கள் நீதிக் கட்சியின் ஹீ லோய் சியான், மசீசவின் டொனால்ட் லிம்மைத் தோற்கடித்தார். புக்கிட் காசிங், கம்போங் துங்கு, டாமான்சாரா உத்தாமா, ஸ்ரீ செத்தியா, தாமான் மேடான், கோத்தா டாமான்சாரா என்று சட்டமன்றத் தொகுதிகளும் வரிசையாகக் கைமாறின. மாநில ஆட்சியே மாறியது. 36-க்கு 20.

இதற்குக் காரணம் தேடுபவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தொடங்குவார்கள்: படித்த வாக்காளர், இணையச் செய்தி, தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்தின் 2007 நவம்பர் 10 பேரணி. நான் தெற்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நமக்கு, அதாவது மலேசிய இந்தியர்களுக்கு, அது வேறு மாதிரி நடந்தது.

2001 மார்ச்சில் கம்போங் மேடான் பகுதியில் இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. 6 பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். கோபுரங்களுக்கும் பேரங்காடிகளுக்கும் கூப்பிடு தூரத்தில் நடந்தது அது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியின் வறுமை பற்றி நிறையப் பேசினார்கள். தற்காலிகம் என்று சொல்லி நீள வீடுகளில் வைக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அப்புறம் புதிய பந்தாய் விரைவுச்சாலை வந்தது. வீட்டு வாசலிலேயே பிஜேஎஸ் 2 சுங்கச்சாவடி. வேலைக்குப் போகவே காசு. மக்கள் பதாகை பிடித்து நின்றார்கள், திரும்பத் திரும்ப நின்றார்கள்.

2007 நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணியில் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீய்ச்சலும் வாங்கிய கூட்டத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளிலிருந்து போனவர்கள் நிறைய. டிசம்பரில் அதன் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். அதற்கு முன்பு வரை 'மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கேட்டுக்கொண்டது' என்பதற்காகவே தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்கு விழுந்துகொண்டிருந்த வாக்குகள் நான்கு மாதத்தில் அகன்றன. அந்த ஐவரில் ஒருவரான மனோகரன் சிறையில் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்ததும், சுங்கை சிப்புட்டில் மஇகா தலைவர் சாமிவேலு தோற்றதும் இதே அலையில்தான். பெட்டாலிங் ஜெயா தெற்கில் சீன வேட்பாளரா, மலாய் வேட்பாளரா என்று நம்மவர்கள் அன்றைக்குப் பார்க்கவில்லை. எந்தக் கட்சி என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை. தராசு வேண்டாம் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

தேர்தல் முடிந்து பதினோரு மாதம் கழித்து, 2009 பிப்ரவரியில், பிஜேஎஸ் 2-இல் கோலாலம்பூர் நோக்கிய சுங்கவசூல் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது, அந்தத் தொகுதியை இழந்திருந்த தேசிய முன்னணியின் மத்திய அரசு. பல ஆண்டு ஆதரவு தராததை ஒரு தோல்வி வாங்கிக் கொடுத்தது. பிஜேஎஸ் மக்கள் இதை மறக்கவில்லை. 2023-ஐப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பெரும்பான்மை ஊதிய விதம்

வடக்கில் டோனி புவாவின் பெரும்பான்மை 2013-இல் 44,672. 2018-இல் 106,903. மக்கள் இரண்டு மடங்கு கோபப்பட்டார்கள் என்று இதைப் படிக்கக்கூடாது. கோபம் இருந்தது, 1எம்டிபி நிதி ஊழல் இருந்தது, உண்மைதான். ஆனால் நடுவில் தொகுதி எல்லை மாறிவிட்டது. 2018 மார்ச் இறுதியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய எல்லை மறுசீரமைப்பில் பெட்டாலிங் ஜெயா உத்தாரா என்ற பெயர் போய் டாமான்சாரா ஆனது. புக்கிட் லாஞ்சான் அதோடு சேர்க்கப்பட்டது. 85,000 வாக்காளர்கள் இருந்த தொகுதி 1,50,000-ஐத் தொட்டது. அதே சிலாங்கூரில் சபாக் பெர்ணம் தொகுதியில் அப்போது சுமார் 40,000 வாக்காளர்கள். எதிர்க்கட்சிக்கு விழும் வாக்குகளை ஒரே பெட்டியில் திணித்தால் பக்கத்துத் தொகுதிகள் லேசாகும். கணக்குத் தெரிந்தவர்கள் போட்ட கோடு அது.

தெற்கிலும் கோடு நகர்ந்தது. கிளானா ஜெயாவோடு இருந்த ஸ்ரீ செத்தியா இந்தப் பக்கம் வந்து, தாமான் மேடான், புக்கிட் காசிங்கோடு சேர்ந்து பெட்டாலிங் ஜெயா என்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதியானது. அதில் பெர்சேவின் முன்னாள் தலைவி மரியா சின் அப்துல்லா ஜெயித்தார். தூய்மையான தேர்தலுக்காகத் தெருவில் இறங்கியவரை இந்த ஊர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

பெரிய பெரும்பான்மை இன்னொன்றையும் மறைக்கிறது. எதிரணி உடையும்போதுதான் எல்லோரும் பேசுவார்கள், தன் அணி உடைவதைப் பேசமாட்டார்கள். 2013-இல் கோத்தா டாமான்சாராவில் சோசலிசக் கட்சியான பிஎஸ்எம்-இன் டாக்டர் நசீர் ஹாஷிமும் இஸ்லாமியக் கட்சியான பாஸின் வேட்பாளரும் ஒரே கூட்டணி வாக்குக்குப் போட்டியிட, இடையில் தேசிய முன்னணி நுழைந்து ஜெயித்தது. அதே ஆண்டு மற்றப் பகுதிகளில் பக்காத்தான் சாதனைப் பெரும்பான்மை கண்டது. அப்புறம் 2018 செப்டம்பரில் ஸ்ரீ செத்தியா இடைத்தேர்தல். மே மாதம் நாட்டின் ஆட்சியையே மாற்றிய தொகுதியில், நான்கே மாதத்தில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை. பக்காத்தான்தான் ஜெயித்தது. ஆனால் கோட்டை என்ற சொல்லை நம்பி வீட்டில் இருந்துவிடும் பழக்கம் அன்றே தெரிந்தது.

இல்லாத வாக்குச்சீட்டு

இந்த ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டால் என்ன குறை சொல்வார்கள்? வடிகால், குப்பை, வாகன நிறுத்தம், மலைச்சரிவில் கட்டடம், வீட்டுக்கு மேலே போகப்போகும் நெடுஞ்சாலை. இவற்றில் பெரும்பாலானவை மாநகர் மன்றத்தின் வேலை, அல்லது அதன் அனுமதியோடு நடப்பவை. அந்த மன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்கும் வாக்கு இல்லை.

இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், 1965 மார்ச்சில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வரவேண்டும் என்று அந்த ஆணையம் தெளிவாகப் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் கதவை முழுதாக மூடியது: 8 முதல் 24 உறுப்பினர்கள், எல்லோரும் மாநில அரசின் நியமனம். ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்ட, இந்நாட்டு மக்களாட்சிக்கு இவ்வளவு முக்கியமான அறிக்கையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

2008-க்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் இதை மாற்ற முயன்றார்கள். 2010-இல் பினாங்கும் சிலாங்கூரும் தேர்தல் ஆணையத்துக்கு எழுதின, முடியாது என்று பதில். பினாங்கு 2012-இல் தனிச் சட்டமே இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2018-இல் பக்காத்தானே புத்ராஜெயாவில், மத்திய ஆட்சியில், அமர்ந்தது. ஊராட்சித் தேர்தல் வரும் என்று துறை அமைச்சர் சொன்னார். டிசம்பரில் பிரதமர் மகாதீர், இனங்களுக்கிடையே மோதல் வரும் என்று சொல்லி மறுத்துவிட்டார். மன்ற இருக்கைகளில் முன்பு தேசிய முன்னணியின் மசீச, அம்னோ, மஇகா ஆட்கள் இருந்தார்கள். இப்போது பக்காத்தான் கட்சிகளின் ஆட்கள். நியமனம் அப்படியே இருக்கிறது. இது தவறு என்றே நினைக்கிறேன். தன் சொந்தக் கோட்டையில் மக்களை நம்பாத கட்சி வேறு எங்கே நம்பப்போகிறது?

வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் வடக்கு வேறு ஆயுதம் கண்டுபிடித்தது. கிடெக்ஸ் விரைவுச்சாலையைப் பெட்டாலிங் ஜெயா வழியாகக் கொண்டுபோகத் திட்டம் வந்தபோது குடியிருப்பாளர் சங்கங்கள் மண்டபம் நிறையக் கூடின. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் திட்ட வரைபடத்தை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். 2015 பிப்ரவரியில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. பிஜேடி லிங்க் என்று அடுத்தது வந்தது, மறுபடியும் எதிர்ப்பு. மாநிலத் தேர்தல் நடந்த 2023-இல் அதுவும் ரத்தானது. இந்த மக்கள் கட்சி மாறவில்லை. தாங்கள் வாக்களித்த கட்சியையே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள், காரியமும் நடந்தது.

தெற்கில் அப்படிக் கூட்டம் போட நேரம் இருக்கிற ஆள் குறைவு. இரண்டு வேலை பார்ப்பவர், இரவு நேரக் காவலர், வாடகைக் கார் ஓட்டுபவர். லிப்ட் பழுதானால் புகார் எழுத உட்கார்வதற்குள் அடுத்த பழுது வந்துவிடும். அவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாக்குச்சீட்டுதான் மனு, புகார், மிரட்டல் எல்லாம்.

தாமான் மேடான், 2023

நம் வாக்களிப்பு மையங்களில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளி வகுப்பறைகளைச் 'சாலுரான்' என்று எண் போட்டுப் பிரிப்பார்கள். முதல் சாலுரானில் முதியவர்கள், எண் ஏற ஏற வயது குறையும். கடைசி வகுப்பறையில் முதல்முறை வாக்காளர்கள். உள்ளே போனால் எழுத்தர் பெயரை உரக்கப் படிப்பார், கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள், இடது ஆள்காட்டி விரலில் மை. மாலையில் அதே வகுப்பறையில், அதே மேசைகளில், எண்ணிக்கை. முடிவை எழுதிய போராங் 14 படிவத்தின் நகல் முகவர்களின் கைக்கு வரும். அந்தப் படிவங்களை வயது வாரியாக அடுக்கி வைத்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மூன்று தலைமுறையின் அரசியல் தெரியும்.

2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆனது, பதிவும் தானாக நடந்தது. கடைசி சாலுரான்கள் நீண்டன. 2022-இல் நாடு முழுக்க மலாய் இளைஞர்களிடையே பெர்சத்து, பாஸ் கட்சிகளின் பெரிக்காத்தான் கூட்டணி வேகமாக ஏறியது. தாமான் மேடானில் மலாய்க்காரர்கள் பெரும்பான்மை, இந்தியர்கள் கணிசமாக உண்டு. அடுக்குமாடியில் வளர்ந்த இளைஞருக்கு 2008 என்பது குழந்தைப் பருவம். சுங்கச்சாவடிப் போராட்டம் அவர் பார்த்ததில்லை. அவர் பார்த்த மாநில அரசு பக்காத்தான் மட்டுமே. கோபப்பட அவருக்கு வேறு அரசே இல்லை.

இதோடு இன்னொன்று சேர்ந்தது. 2022 நவம்பருக்குப் பிறகு பக்காத்தானும் தேசிய முன்னணியும் ஒரே அரசில். 2008, 2013, 2018 மூன்று முறையும் இங்கே மக்கள் நீதிக் கட்சியை எதிர்த்துத் தராசுக்குப் போட்ட மலாய் வாக்காளரிடம், இப்போது அந்தக் கட்சிக்கே போடுங்கள் என்றார்கள். பலர் போடவில்லை என்பதே என் கணிப்பு. பழைய அம்னோ வாக்கு சுலபமாகக் கைமாறும் என்று தலைவர்கள் நம்பியது பெரிய தப்பு.

நம்மவர்கள்? தராசு வேண்டாம் என்று 2008-இல் மாறியவர்களிடம் 2023-இல் தராசோடு சேர்ந்து நின்று வாக்குக் கேட்டார்கள். எதிரே பாஸ் இருக்கும் கூட்டணி. 2015-இல் இதே தாமான் மேடானில் ஒரு தேவாலயத்தின் சிலுவைக்கு எதிராகக் கூட்டம் கூடி, சிலுவை இறக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். இப்படி இரண்டு பக்கமும் மனம் ஒப்பாத வாக்காளருக்கு மூன்றாவது வழி வீட்டிலேயே இருந்துவிடுவது.

முடிவு வந்தபோது பெர்சத்துவின் டாக்டர் அஃபிஃப் பஹார்டின் 30 வாக்குகளில் ஜெயித்திருந்தார். 16 பேர் மனம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும். அடுக்குமாடியின் ஒரே தளத்தில் 16 வாக்காளர்கள் இருப்பார்கள். சிலாங்கூரில் பக்காத்தான்–தேசிய முன்னணி 34, பெரிக்காத்தான் 22. ஆட்சிக்கு ஆபத்து வரவில்லை, அதனால் தாமான் மேடான் மறுநாள் செய்தியில் ஒரு வரியாக முடிந்தது. பக்கத்திலேயே புக்கிட் காசிங்கில் ஜசெகவின் ராஜீவ் ரிஷ்யகரன் மூன்றாவது முறையாகச் சிரமமில்லாமல் ஜெயித்தார். நடந்து போகிற தூரம்.

இதன் விளைவு என்ன என்று கேட்டால், அந்த அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் இருக்கும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லிப்ட் ஓடவில்லை. அவருடைய சட்டமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சி. ஆளுங்கட்சித் தொகுதிக்கும் எதிர்க்கட்சித் தொகுதிக்கும் ஒதுக்கீடு சமமாக இருப்பதில்லை என்பது மலேசியாவில் எந்தக் கட்சி ஆண்டாலும் தொடரும் பழக்கம். அவருடைய நாடாளுமன்ற உறுப்பினர் லீ சியான் சுங் ஆளுங்கட்சி, ஆனால் லிப்ட் நாடாளுமன்ற விவகாரம் இல்லை. மாநகர் மன்ற உறுப்பினர் யார் என்று பாட்டிக்குத் தெரியாது, அவரைத் தேர்ந்தெடுத்ததும் பாட்டி இல்லை. அடுத்த மாநிலத் தேர்தல் 2028-க்குள் வந்தாக வேண்டும். அதுவரை அவர் படியேறத்தான் வேண்டும். அன்றைக்கு முதல் சாலுரானில் அவர் பெயரை எழுத்தர் உரக்கப் படிக்கும்போது, முகவர்கள் எல்லோரும் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள்.